தொட்டி எங்கே நிற்கப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கும் வழிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அழுத்தி அடைத்த வாயு, குளிர்வித்த திரவம், ஹைட்ரஜனை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகக் கலவை என்று மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். மூன்றாவதற்கு எதிரே 1.4 சதவீதம் என்று எழுதிவிட்டு, எடை அதிகம், நடைமுறைக்கு உதவாது என்று இரண்டே வரியில் தள்ளிவிட்டார். அதே பக்கத்துப் பெட்டிச் செய்தியோ இந்தக் கலவைகள் முழுக்க முழுக்கப் பாதுகாப்பானவை என்கிறது. ஒன்று வீண் ஒதுக்கல், மற்றொன்று வீண் புகழ். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

நான் விஞ்ஞானி இல்லை. உலோகவியல் ஆய்வகம் ஒன்றின் ஹைட்ரைடு (ஹைட்ரஜனை உறிஞ்சிய உலோகம்) பிரிவில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கலவையை உருக்குவது, உடைப்பது, உருளையில் அடைப்பது, வால்வைத் திறந்து மூடி அழுத்தத்தைக் குறிப்பது, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது, இவைதான் என் வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் அழகாக வரும் வளைகோடுகளுக்குப் பின்னால் இருக்கும் கைவேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த 1.4 சதவீதம். அது லாந்தனம் ஒரு பங்கும் நிக்கல் ஐந்து பங்கும் சேர்ந்த கலவையின் கணக்கு. ஹைட்ரைடு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் முதல் பாடமே அதுதான். 100 கிலோ கலவையில் ஏறக்குறைய 1.4 கிலோ ஹைட்ரஜன் தங்கும். எண் சரி. ஆனால் அதற்குப் பக்கத்தில் 700 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத் தொட்டிக்கு 5.7 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, அது தொட்டியின் எடையையும் சேர்த்த கணக்கு. டொயோட்டா மிராய் காரின் முதல் வடிவத்தில் இருந்த கார்பன் இழைத் தொட்டிகள் அவை. ஒரு பக்கம் பொருளின் எடை மட்டும், மறு பக்கம் முழுத் தொட்டியின் எடை. இப்படி ஒப்பிடக் கூடாது. சரியாக ஒப்பிட்டால் கலவைக்கு இன்னும்தான் பாதகம் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். உருளை, குளிர்நீர்க் குழாய், வடிகட்டி எல்லாம் சேர்த்தால் அந்த 1.4 ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

அப்படியானால் கட்டுரையாளர் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். காருக்கு என்றால் சரிதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை. 5 கிலோ ஹைட்ரஜனுக்காக 360 கிலோ லாந்தனம் நிக்கல் கலவையைச் சுமந்துகொண்டு எந்தக் காரும் சந்தோஷமாக ஓடாது. 1980களில் டைம்லர் பென்ஸ் நிறுவனம் பெர்லினில் ஹைட்ரைடு தொட்டி வைத்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தது. வண்டிகள் ஓடின, ஆனால் எடையும் கூடவே ஓடியது. இன்றைக்கு ஹைட்ரஜன் கார்களில் உலோகக் கலவைத் தொட்டியைப் பார்க்க முடியாததற்கு முதல் காரணம் அதுதான்.

என் வருத்தம் வேறு. எடைச் சதவீதம் என்ற அளவுகோல் கார்களுக்காக வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 2025ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கு, தொட்டி முழுவதற்கும் சேர்த்து 5.5 சதவீதம். அது சிறு வாகனங்களுக்கு என்று தெளிவாகச் சொல்லி வைத்த இலக்கு. அந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாத் தொட்டிகளையும் அளக்கக் கிளம்பிவிட்டோம். நகராத தொட்டிக்கு எடை எதற்கு? கட்டடத்தின் பின்புறம் கான்கிரீட் மேடையில் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கப் போகிற உருளை 300 கிலோ இருந்தால் என்ன, 900 கிலோ இருந்தால் என்ன? அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எவ்வளவு இடம் அடைக்கும், எவ்வளவு அழுத்தத்தில் நிற்கும், கம்ப்ரஸர் வேண்டுமா, சூடு எங்கிருந்து வரும், எங்கே போகும்.

இடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரவ ஹைட்ரஜன் ஒரு லிட்டரில் 71 கிராம்தான் இருக்கும். அதற்கும் மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். 700 பாரில் அழுத்திய வாயு லிட்டருக்குச் சுமார் 40 கிராம். லாந்தனம் நிக்கல் ஹைட்ரைடின் படிகத்துக்குள்ளேயோ லிட்டருக்கு 90 கிராமுக்கு மேல் அடங்குகிறது. திரவத்தைவிட நெருக்கம். அதுவும் அறை வெப்பநிலையில், இரண்டு மூன்று பார் அழுத்தத்தில். தொட்டிக்குள் கலவை பொடியாகத்தான் இருக்கும்; அந்தத் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுத்தால் இது பாதியாகும். பாதியானாலும் 700 பார் தொட்டிக்குச் சளைத்ததில்லை.

டைட்டானியமும் இரும்பும் சம பங்கில் சேர்ந்த கலவையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 1.8 சதவீதம் சொச்சம். நடைமுறையில் ஏற்றி இறக்க முடிவது 1.5 என்று வைப்போம். 10 கிலோ ஹைட்ரஜனுக்கு 670 கிலோ கலவை வேண்டும். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பொடி அடைக்கும் இடம் சுமார் 200 லிட்டர், ஒரு பெரிய பீப்பாய் அளவு. தொட்டிச் சுவரும் குழாய்களும் தனி. அதே 10 கிலோ ஹைட்ரஜனை வெறும் வாயுவாக 30 பார் அழுத்தத்தில் வைக்க வேண்டுமானால் 4,000 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். 30 பார் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்னாற்பகுப்புக் கருவிகள் பலவும் ஏறக்குறைய அந்த அழுத்தத்தில் வாயுவை வெளியே தந்துவிடுகின்றன. அதை நேராகக் கலவைத் தொட்டிக்குள் விடலாம். நடுவில் கம்ப்ரஸரே வேண்டாம். கம்ப்ரஸர் என்பது மின்சாரம் தின்னும், சத்தம் போடும், அடிக்கடி பழுதாகும். வாயு ஆய்வகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதல் குறை அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

எடையே அனுகூலமாகிற இடங்களும் உண்டு. ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிக் கப்பல்கள் மின்சாரம் தரும் ஃப்யூயல் செல் கருவிக்கான ஹைட்ரஜனைக் கலவை உருளைகளில்தான் வைத்திருக்கின்றன. நீர்மூழ்கிக்கு எப்படியும் பாரம் வேண்டும். அந்தப் பாரமே எரிபொருள் தொட்டியாகவும் இருந்துவிட்டால் லாபம்தானே. முன்னால் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். பின்பக்கம் எதிரெடை இல்லாவிட்டால் அது குப்புற விழும்.

சரி, எடையை விடுவோம். கட்டுரையில் வரவே வராத விஷயத்துக்கு வருகிறேன். வெப்பம். இந்தத் துறையில் பாதி வேலை ஹைட்ரஜனோடு, மீதிப் பாதி வெப்பத்தோடு.

பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பஞ்சு நனைந்தால் சுடுமா? இது சுடும். ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டி, இரண்டு அணுக்களாகப் பிரிந்து, ஒவ்வோர் அணுவும் உலோக அணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளில் போய் உட்காருகிறது. இது வேதிவினை. உட்காரும்போது வெப்பம் வெளியே வரும். வெளியேற வேண்டுமானால் அதே அளவு வெப்பத்தை நாம் திரும்பக் கொடுக்க வேண்டும். லாந்தனம் நிக்கலுக்கு இது ஒரு மோல், அதாவது 2 கிராம், ஹைட்ரஜனுக்குச் சுமார் 31 கிலோஜூல். ஒரு கிலோ ஹைட்ரஜன் என்று பார்த்தால் 15 மெகாஜூலுக்கு மேல்.

காருக்கு 5 கிலோ ஹைட்ரஜனை 5 நிமிடத்தில் நிரப்ப வேண்டும் என்று வையுங்கள். அந்த 5 நிமிடமும் தொட்டியிலிருந்து 250 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2 கிலோவாட் ஹீட்டர்கள் 125 ஒரே தொட்டிக்குள் எரிவதற்குச் சமம். எடுக்காவிட்டால் தொட்டி வெடித்துவிடுமா? இல்லை. நிரம்புவது நின்றுவிடும், அவ்வளவுதான். கலவை சூடாகச் சூடாக, ஹைட்ரஜனைப் பிடித்து வைக்க அதற்குத் தேவைப்படும் அழுத்தமும் ஏறும். லாந்தனம் நிக்கல் 25 டிகிரியில் இரண்டு பார் அளவில் உறிஞ்சும். 80 டிகிரியில் 10 பாருக்கு மேல் கொடுத்தால்தான் உறிஞ்சும். நீங்கள் 10 பாரில் வாயுவை விட்டுக்கொண்டிருந்தால், உள்ளே பொடி 60, 70 டிகிரியைத் தொட்டதும் அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றுவிடும். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் இந்த இடத்தில் கலவை கெட்டுவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதப் போவார்கள். கொஞ்ச நேரம் பொறுங்கள், உருளையைத் தண்ணீரில் நிறுத்துங்கள் என்பேன். முள் மறுபடி இறங்க ஆரம்பிக்கும்.

இதில் இன்னொரு சங்கடம், உலோகம் என்றாலே வெப்பம் நன்றாகக் கடத்தும் என்று நாம் நினைப்பது. கட்டியாக இருக்கும்வரை உண்மை. பொடியானால் துகளுக்குத் துகள் தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். அந்தப் பொடிப் படுகை வெப்பத்தைக் கடத்தும் விஷயத்தில் உலோகத்தைவிடக் காப்புப் பொருளுக்குத்தான் நெருக்கம். அதனால்தான் தொட்டிக்குள் அலுமினியத் தகடுகள் வைப்பார்கள், விரிந்த கிராஃபைட்டோடு பொடியைக் கலந்து வில்லைகளாக அழுத்துவார்கள், நடுவே குளிர்நீர்க் குழாய் ஓட விடுவார்கள். புதுக் கலவை கண்டுபிடித்தால் பத்திரிகையில் செய்தி வரும். நல்ல குளிர்நீர்க் குழாய் அமைப்பு கண்டுபிடித்தால் வராது. ஆனால் தொட்டி நிரம்புவது எத்தனை நிமிடத்தில் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது குழாய்தான்.

வாயுவை எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். வால்வைத் திறந்த கொஞ்ச நேரத்தில் உருளை சில்லென்று ஆகி, வெளிப்புறம் வியர்க்கும். வெப்பம் கிடைக்காவிட்டால் அழுத்தம் இறங்கி, வாயு வருவது குறைந்துபோகும். இங்கேதான் ஃப்யூயல் செல்லோடு நல்ல ஜோடி சேர்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதியை ஃப்யூயல் செல் மின்சாரமாக்கும், மீதி வெப்பமாக வீணாகும். வீணாவது 60 மெகாஜூல், கலவை கேட்பது 15 மெகாஜூல். 60, 70 டிகிரியில் ஓடும் ஃப்யூயல் செல்லின் குளிர்நீரையே தொட்டிக்குச் சுற்றிவிட்டால் போதும்.

மக்னீசியம் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரையாளர் அதைத்தான் எதிர்கால நம்பிக்கை என்று சொல்லி, 7.6 சதவீதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். எண் சரி. விலையும் மலிவு. ஆனால் மக்னீசியம் ஹைட்ரஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மோலுக்கு 75 கிலோஜூல் கொடுக்க வேண்டும். அதையும் 300 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் கொடுத்தால்தான் ஒரு பார் அழுத்தத்துக்காவது வாயு வெளியே வரும். கிலோவுக்கு 37 மெகாஜூல், அதாவது சேமித்த ஆற்றலில் 30 சதவீதம் வெளியே எடுக்கவே செலவு. 70 டிகிரி குளிர்நீர் இதற்கு எந்த உதவியும் செய்யாது. 300 டிகிரிக்கு மேல் கழிவு வெப்பம் ஓயாமல் கிடைக்கும் தொழிற்சாலையிலோ, மிக அதிக வெப்பத்தில் ஓடும் திட ஆக்சைடு ஃப்யூயல் செல்லின் பக்கத்திலோ வைத்தால் மக்னீசியம் அருமையான பொருள். மற்ற இடத்தில் வைத்தால் அந்த 7.6 வெறும் தாளில் இருக்கும் எண். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் அச்சிடுவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம் என்பேன்.

பாதுகாப்புக்கு வருகிறேன். முதலில் பொடி எப்படி வருகிறது என்று சொன்னால்தான் இது புரியும். கலவையைத் தண்ணீரால் குளிர்வித்த செப்புத் தட்டில் வைத்து, ஆர்கான் வாயுவில், மின்வில்லால் உருக்குவோம். ஒரு முறை உருக்கினால் போதாது. புரட்டிப் போட்டு மறுபடி மறுபடி உருக்கினால்தான் சீராகக் கலக்கும். பளபளவென்று பொத்தான் போல வரும். அதை உடைத்துச் சில்லுகளாக உருளையில் போட்டு, காற்றை முழுவதும் இழுத்துவிட்டு, ஹைட்ரஜனை விடுவோம். முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் திடீரென்று முள் சரியும், உருளை கைக்குச் சுடும். ஹைட்ரஜன் ஏறியதும் கலவையின் பருமன் சுமார் 25 சதவீதம் கூடுகிறது. எளிதில் நொறுங்கும் பொருள் அது, அந்த விரிவைத் தாங்காமல் வெடிப்பு விடும். ஏற்றி இறக்க ஏற்றி இறக்க, சில்லுகள் எல்லாம் மைக்ரான் அளவுப் பொடியாகிவிடும்.

இந்தப் பொடிதான் எல்லா வம்புக்கும் மூலம். செங்குத்தாக நிறுத்திய உருளையில் அது மெல்ல மெல்ல அடியில் போய்த் திணியும். அடுத்த முறை நிரப்பும்போது விரிய இடம் இல்லாமல் உருளையின் சுவரைத் தள்ளும். அடிப்பகுதி பருத்துப்போன எஃகுக் குழாய் ஒன்று எங்கள் பிரிவில் மேசை மேல் இருந்தது. வாயு அழுத்தம் அந்தக் குழாயை ஒன்றும் செய்திருக்காது, அது 10 பார்தான். பொடி தள்ளிய வேலை அது. அதனால் தொட்டியைப் படுக்கையாக வைப்பது, உள்ளே தடுப்புகள் போட்டுப் பொடியைத் தனித்தனி அறைகளாக்குவது, மேலே காலி இடம் விடுவது என்று பல ஏற்பாடுகள் உண்டு. வாயு வெளியேறும் வாயில் நுண்துளை உலோக வடிகட்டி இல்லாவிட்டால் பொடி வாயுவோடு போய் வால்வின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அந்த வால்வு ஒழுங்காக மூடாது.

தொட்டியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? இதில் பெட்டிச் செய்தி சொன்னதில் பாதி உண்மை. துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்ச வாயு முதலில் சீறும். அப்புறம் கலவை வாயுவை விட விடக் குளிர்ந்து, அழுத்தம் தானாக இறங்கி, கசிவு மெதுவாகிவிடும். 700 பார் தொட்டியில் இப்படித் தானே அடங்கும் குணம் கிடையாது. இது பெரிய நன்மை, மறுக்கவில்லை. மறு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். ஹைட்ரஜன் ஏறி இறங்கிப் புதிதாக உடைந்த உலோகப் பொடியைச் சட்டென்று காற்றில் கொட்டினால் சூடேறும், சில கலவைகள் தீப்பிடித்து எரியும். உருளையைத் திறப்பதை ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் செய்வோம், இல்லையென்றால் மிகக் கொஞ்சமாகக் காற்றை விட்டு மேற்பரப்பை மெதுவாக மந்தமாக்கிய பிறகு செய்வோம். தொட்டியே தீயில் மாட்டிக்கொண்டால் கதை வேறு, வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். அதற்கென்று அழுத்த விடுவிப்பு வால்வு இருந்தே ஆக வேண்டும். ஆபத்து குறைவு என்று எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன். முழுக்க முழுக்கப் பாதுகாப்பு என்று எழுதினால் யாராவது நம்பி மூடியைத் திறப்பார்கள்.

கலவையை வாட்டுவது காற்று மட்டுமல்ல. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும் மேற்பரப்பை அடைத்துவிடும். ஈரமும் ஆகாது. ஆகையால் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்துச் சரியாகச் சுத்தம் செய்யாத ஹைட்ரஜன் இதற்கு ஒத்துவராது. தண்ணீரிலிருந்து எடுத்து நன்றாக உலர்த்திய ஹைட்ரஜன் என்றால் கவலை குறைவு.

கட்டுரையில் வரலாறு இரண்டு வரி வந்திருந்தது, அதில் நான் கூட்டிச் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். பல்லேடியம் தன் பருமனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உள்வாங்கும் என்று தாமஸ் கிரகாம் சொன்னது 1866ல். பல்லேடியத்தின் விலை எங்கே, தொட்டி எங்கே! பிறகு 1960களின் கடைசியில் நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வகத்தினர் காந்தத்துக்காகச் சமாரியம் கோபால்ட் கலவையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அது ஹைட்ரஜனை உறிஞ்சுவதைப் பார்த்தார்கள். அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் லாந்தனம் நிக்கலுக்கு வந்தார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரெய்லியும் விஸ்வாலும் டைட்டானியம் இரும்புக் கலவையை 1974ல் வெளியிட்டார்கள்.

இந்த டைட்டானியம் இரும்பு எனக்குப் பிடித்த கலவை. மூலப்பொருள் எளிதில் கிடைக்கும், லாந்தனம் போன்ற அரிய மண் உலோகம் தேவையில்லை. ஆனால் பிடிவாதக்காரக் கலவை. லாந்தனம் நிக்கல் அறை வெப்பநிலையிலேயே சொன்ன பேச்சைக் கேட்கும். இது கேட்காது. மேற்பரப்பில் ஆக்சைடு படலம் போர்த்திக்கொண்டு ஹைட்ரஜனை உள்ளே விடவே விடாது. 400 டிகிரி வரை சூடாக்கி, காற்றை இழுத்து, அழுத்தத்தில் ஹைட்ரஜன் கொடுத்து, குளிரவிட்டு, திரும்பவும் அதையே செய்ய வேண்டும். இரும்பில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு மாங்கனீஸ் சேர்த்தால் இந்தப் பிடிவாதம் வெகுவாகக் குறைகிறது. நிக்கலில் கொஞ்சத்தை எடுத்து அலுமினியம் சேர்த்தால் லாந்தனம் நிக்கல் உறிஞ்சும் அழுத்தம் இறங்குகிறது, வெள்ளீயம் சேர்த்தால் நீண்ட நாள் உழைக்கிறது. தொட்டி வைக்கும் இடத்தின் சூட்டுக்கும் கிடைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பக் கலவையை இப்படி மாற்றிக்கொள்ள முடியும். அழுத்த வாயுவிலோ திரவத்திலோ இந்த வசதி இல்லை.

நடைமுறைக்கு உதவாது என்ற அந்த வரிக்குத் திரும்ப வருகிறேன். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருக்கிறதே, அதன் ஒரு மின்முனையே இந்தக் குடும்பத்துக் கலவைதான். 1997ல் வந்த டொயோட்டா பிரியஸ் காரில் இருந்தது அந்த வகைப் பேட்டரி. 2009ல் விண்ணில் ஏவிய ஐரோப்பாவின் பிளாங்க் தொலைநோக்கியைக் குளிர்வித்த அமைப்புகளில் ஒன்றும் இதில் அடக்கம். லாந்தனம் நிக்கலில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்த கலவையைச் சூடாக்கியும் குளிர்வித்தும், அசையும் பாகம் எதுவும் இல்லாத கம்ப்ரஸராக அதை ஓட்டி, மைனஸ் 253 டிகிரியை ஒட்டிய குளிரை உண்டாக்கினார்கள். மேலே நான் சொன்ன, சூடானால் அழுத்தம் ஏறும் என்ற அதே தொல்லைதான் அங்கே வேலைக்காரனாக மாறியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பத்து சதவீதம் பிடிக்கும் புதுப் பொருள், இருபது பிடிக்கும் புதுப் பொருள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. 1998ல் கிராஃபைட் நுண்ணிழைகள் 60 சதவீதத்துக்கும் மேல் ஹைட்ரஜனைப் பிடிக்கும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வந்து உலகமே பரபரத்தது. மற்ற ஆய்வகங்கள் முயன்று பார்த்தும் அந்த எண் யாருக்கும் கிடைக்கவில்லை. நாங்கள் அளக்கும் முறை என்ன தெரியுமா? பருமன் தெரிந்த ஒரு பாத்திரத்திலிருந்து மாதிரி இருக்கும் உருளைக்குள் வாயுவை விடுவோம். எதிர்பார்த்ததைவிட அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு ஹைட்ரஜன் மாதிரிக்குள் போயிற்று என்று கணக்கு. இணைப்பில் ஊசி நுழையாத கசிவு ஒன்று இருந்தாலும் அழுத்தம் குறையும். அதுவும் உறிஞ்சியதாகவே பதிவாகும். அறையின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினாலும் அப்படியே. மாதிரி சில மில்லிகிராம்தான் என்றால் இந்தச் சின்னப் பிழை பூதாகாரமாக வீங்கும். அதனால்தான் ஒன்றுமே உறிஞ்சாத பொருளை அதே உருளையில் போட்டு முதலில் அளக்கச் சொல்வார்கள். அந்த வெற்று அளவீடு இல்லாத முடிவைப் பார்த்தால் எனக்குச் சோப்புத் தண்ணீர் ஞாபகம்தான் வரும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றிப் பட்டியல் போடும்போது எடைச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னும் சில பத்திகள் சேருங்கள். அது கலவைக்கு மட்டுமா, முழுத் தொட்டிக்குமா? வாயுவை வெளியே எடுக்க எத்தனை டிகிரி வேண்டும்? நிரப்ப எத்தனை பார் வேண்டும்? ஒரு கிலோவுக்கு எத்தனை மெகாஜூல் வெப்பம் போக வர இருக்கிறது? எத்தனை தடவை ஏற்றி இறக்கிய பிறகு எடுத்த அளவு அது, முதல் தடவையா, ஆயிரமாவது தடவையா? எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தத் தொட்டி ஓடப் போகிறதா, ஒரே இடத்தில் நிற்கப் போகிறதா? இடம் போதாவிட்டால் படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஹைட்ரைடு ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகி

பி.கு.: படம் என்றதும் நினைவுக்கு வந்தது. கட்டுரையோடு வந்த படத்தில் வெள்ளி போலப் பளபளக்கும் உலோகக் கட்டிகளைக் காட்டி, ஹைட்ரஜன் நிரம்பிய கலவை என்று கீழே எழுதியிருக்கிறது. ஹைட்ரஜன் ஒருமுறைகூட ஏறாத, அப்போதுதான் உருக்கி எடுத்த கலவை அது. நிரம்பியதைக் காட்ட வேண்டுமானால் சாம்பல் கலந்த கறுப்புப் பொடியின் படத்தைத்தான் போட வேண்டும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது.